கேமராவுக்கு உள்கடன் கொடுக்கலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கள்ளிக்குப்பம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. நோட்டில் எழுதி வைத்துப் பேசியதை அப்படியே தந்திருக்கிறோம்.)



நான் கள்ளிக்குப்பம். பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மைக் முன்னாடி நின்னு எனக்குப் பழக்கம் இல்ல, அதனாலதான் நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கேன். ராத்திரி சமையல் முடிச்சிட்டு எழுதினது. சில இடத்துல என் எழுத்து எனக்கே புரியல. கொஞ்சம் தடுமாறினா பொறுத்துக்கணும்.

எனக்கு முன்னாடி பேசின அக்காங்க மசாலாப் பொடி, தையல், ஃபினாயில்னு வருமானம் வந்த கதையைச் சொன்னாங்க. கேக்கவே பெருமையா இருந்துச்சு. என் கதையில இதுவரைக்கும் ஒரு ரூபா வருமானம் வரல. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது. எங்க குழு ஒரு கேமராவுக்கு உள்கடன் கொடுத்த கதை இது. கடன் வாங்கினவ நான். படம் எடுக்கிறவ என் மூத்த பொண்ணு. இப்ப பி.காம் ரெண்டாவது வருஷம் படிக்கிறா.

எங்க குழுவுல பன்னெண்டு பேர். மாசம் இருநூறு ரூபா சேமிப்பு. செங்குன்றம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி எங்க தெரு. அம்பத்தூர் மாநகராட்சியில சேர்ந்தது 2011-ல. அதுக்கப்புறமும் எங்க வயசானவங்க கள்ளிக்குப்பம் கிராமம்னுதான் சொல்றாங்க, நானும் அப்படித்தான் சொல்றேன். ஆம்பளைங்க பாதிப் பேர் எஸ்டேட்டுல வேலை. என் வீட்டுக்காரர் லேத்து ஓட்டறார்.

2025 ஜனவரி கூட்டத்துல நான் கடன் கேட்டேன். 24,000 ரூபா. எதுக்குன்னு ஊக்குநர் கேட்டாங்க. கேமராவுக்குன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் எல்லாரும் ஒண்ணா பேசினாங்க.

"ஏம்மா, பொண்ணு காலேஜ் ஃபீஸுன்னு கேட்டா கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம். கேமரான்னா என்ன அர்த்தம்?"ன்னு ஒரு அக்கா.

"கல்யாண ஆர்டர் எடுக்கப் போறாளா? அப்படின்னா தொழில்னு எழுதிக்கலாம்."

"இல்லக்கா, கல்யாண ஆர்டர் இல்ல. அவளுக்குப் படம் எடுக்கக் கத்துக்கணுமாம்."

"போன்ல இருக்கிற கேமரா போதாதா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ஏன்னா எனக்கும் அதே கேள்விதான். அவ நச்சரிப்பு தாங்காமதான் நான் கேட்டேனே ஒழிய, எனக்கே மனசு முழுசா ஒப்பல. ஊக்குநர் அக்கா நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, "காரணம்னு இருக்கிற இடத்துல என்ன எழுதறது? மருத்துவமா, கல்வியா, தொழிலா, வீட்டுச் செலவா?"ன்னு கேட்டாங்க. ஒண்ணுலயும் சேரல. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வச்சாங்க. தள்ளி வச்சது சரிதான்னு இன்னைக்கும் சொல்லுவேன். அது எல்லாரோட காசு.

வீட்டுல அவங்க அப்பா ஒரே வார்த்தை. "படம் சோறு போடுமா?" அவர் கெட்டவர் இல்ல. பன்னெண்டு மணி நேரம் மிஷின் முன்னாடி நிக்கிறவர் அப்படித்தான் கேப்பார்.

பொண்ணு போன்ல எடுத்து வச்சிருந்த படங்களை நான் அப்பதான் ஒழுங்கா பார்த்தேன். சூரியன் மறையறது, ஏரித் தண்ணி, பூனைக்குட்டி, மழையில ஒரு ரோஜா. அழகாத்தான் இருந்துச்சு. ஆனா காலண்டர்ல பார்த்த மாதிரியும் இருந்துச்சு. அதை அவகிட்ட நான் சொல்லல. சொல்ல எனக்கு என்ன தெரியும்?

அந்த நேரத்துலதான் அவ ஒரு கண்காட்சியைப் பத்திச் சொன்னா. திருமங்கலத்துல மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல வி.ஆர். மால் இருக்குதில்ல, அங்க தமிழ்நாட்டுப் பசங்க எடுத்த படங்களை வச்சிருக்காங்கம்மா, பார்க்கலாம் வான்னா. கண்காட்சி பேரு 'வானேறும் விழுதுகள்'. பேரைக் கேட்டதும் எனக்குப் புடிச்சுப் போச்சு. ஆலமரத்து விழுது மேலயிருந்து கீழ மண்ணுக்கு வரும். இது மண்ணுலயிருந்து மேல போகுது.

அது தனியா நடந்த கண்காட்சி இல்ல. 'சென்னை போட்டோ பியனாலே'ன்னு ஒண்ணு நடத்தறாங்க. பியனாலேன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கிற கலை விழான்னு அர்த்தம், கொச்சியில 2012-ல இருந்து நடக்குதே, அந்த மாதிரி. கொச்சியில ஓவியக் கல்லூரிப் பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு பியனாலே 2014-ல இருந்து வைக்கிறாங்களாம். நம்ம சென்னையில போட்டோவுக்குன்னு 2016-ல ஆரம்பிச்சாங்க. அப்ப ரயில்வே ஸ்டேஷன், பார்க்குன்னு ஜனங்க நடமாடற இடத்துல படங்களை வச்சாங்களாம். அதோட நாலாவது தடவைதான் 2024 டிசம்பர் கடைசியில தொடங்கி 2025 மார்ச் வரைக்கும் நடந்தது. சினிமாவுல ஹீரோயின் படம் வைக்கிற மாதிரி இல்ல, இப்பதான் படம் எடுக்க வந்திருக்கிற பிள்ளைங்களோட படத்தையும் வைக்கிற இடம்.

பொண்ணு மட்டும் போகட்டும்னு விட்டிருக்கலாம். எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. கடன் கொடுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறவங்க குழு. அவங்களும் பார்க்கட்டுமே. கேட்டுப் பார்த்தேன். ஏழு பேர் வரேன்னாங்க. அதுல ரெண்டு பேர் மாலைப் பாக்கத்தான் வந்தாங்க, அது வேற விஷயம். பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானச் சமையலை முடிச்சிட்டு, ஓ.டி. வரைக்கும் ஷேர் ஆட்டோ, அங்கயிருந்து பஸ். எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துக்கிட்டுப் போனோம்.

அந்த மாலுக்குள்ள நான் அதுக்கு முன்னாடி போனதே இல்ல. வெளியில பஸ்ஸுல இருந்து பார்த்ததோட சரி. நமக்கு அங்க என்ன வேலைன்னு ஒரு கூச்சம். நாங்க எட்டுப் பேரும் ஒருத்தர் முந்தானையை ஒருத்தர் புடிச்சுக்காத குறையா போனோம். படம் வச்சிருந்த இடத்துக்குப் போனதும் அந்தக் கூச்சம் எங்க போச்சுன்னு தெரியல. ஏன்னா சுவத்துல இருந்தது எல்லாம் நம்ம ஜனம். நம்ம வீடு மாதிரி வீடு, நம்ம முகம் மாதிரி முகம். அந்தப் பெரிய கட்டடத்துல எங்களைப் பார்த்து "நீங்க இங்க வரலாம்"னு சொன்னது அந்தப் படங்கதான்.

என் கூட வந்த ஒரு அக்கா ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் இருந்த பேரை விரலை வச்சுப் படிச்சாங்க. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க, ஆனா ஒண்ணையும் விடல. "எல்லாம் நம்ம பிள்ளைங்க பேரா இருக்குது"ன்னாங்க.

இந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்து, எதுக்குப் பக்கத்துல எதுன்னு முடிவு பண்ணி வச்சவர் ஜெய்சிங் நாகேஸ்வரன். மதுரைப் பக்கம் வாடிப்பட்டிக்காரர். அவரோட பாட்டி பொன்னுத்தாய், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்க்காத காலத்துல அந்த ஊர்ல தானே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினவங்க. இவர் கொரோனா ஊரடங்குல ஊருக்குத் திரும்பி, வெளியில எங்கயும் போக முடியாம, தன் வீட்டையும் குடும்பத்தையுமே படமா எடுத்தார். அந்தப் படங்கதான் அவரை வெளிநாடு வரைக்கும் தெரிய வச்சது. வீட்டுக்குள்ளயே எடுத்த படம். இதை என் பொண்ணு சொன்னப்ப, "வீட்டுக்குள்ள எடுக்க என்னடி இருக்குது?"ன்னு கேட்டேன்.

இன்னொருத்தரையும் சொல்லணும். பழனிக்குமார். அவரும் மதுரைதான். அவங்க அம்மா மீன் விக்கிறவங்க. அவர் கேமராவை அந்த அம்மா பக்கம் திருப்பி, அவங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து மீன் வாங்கப் போறதை, விக்கறதைப் படமா எடுத்தார். தூய்மைப் பணியாளர்களோட வாழ்க்கையையும், சாக்கடையில இறங்கிச் செத்துப் போனவங்க குடும்பத்தையும் வருஷக்கணக்கா எடுத்தார். 2022-ல தயானிதா சிங் – பாரி விருது கொடுத்தாங்க. அதோட அவர் நிக்கல. உழைக்கிற ஜனங்களோட பிள்ளைங்க கையில கேமராவைக் கொடுத்து, அவங்க ஊரை அவங்களே எடுக்கச் சொல்லிக் கத்துக் கொடுக்கிறார். எங்க குழு அக்காங்களுக்கு இந்த ஜெய்சிங், பியனாலே எல்லாம் வாயில நுழையல. மீன் விக்கிற அம்மான்னதும் புரிஞ்சு போச்சு. "அந்த அம்மா கேமரா வாங்க விட்டாங்களா?"ன்னுதான் முதல் கேள்வி.

அன்னைக்கு அங்க நடந்த ஒரு விஷயம்தான் எல்லாத்தையும் மாத்துச்சு. படம் பார்க்க வந்திருந்த ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், தோள்ல கேமரா. எங்க கூட்டத்தைப் பார்த்துட்டு அதுவா வந்து பேசுச்சு. என் பொண்ணு படம் எடுப்பான்னு நான்தான் சொன்னேன். அவளுக்குக் கூச்சம், என் கையைக் கிள்ளினா. அந்தப் பொண்ணு போனை வாங்கி ஒவ்வொரு படமா பார்த்துச்சு. நாங்க எல்லாரும் என்ன சொல்லப் போகுதுன்னு பார்த்துக்கிட்டு நின்னோம். "சூப்பர்"னு சொல்லிட்டுக் கொடுத்துடும்னு நினைச்சேன். சொந்தக்காரங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லல. "இது எல்லாரும் எடுக்கிற படம்பா. உன்னை விட நல்லாவே எடுத்து வச்சிருக்காங்க. நீ மட்டும் தினமும் பார்க்கிறது, வெளியில இருக்கிற எங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்குமில்ல? அது எங்க?"ன்னு கேட்டுச்சு. என் பொண்ணுக்கு முகம் சுருங்கிப் போச்சு. எனக்குக் கோவம் வந்துச்சு. பஸ்ஸுல வரும்போது ரெண்டு பேரும் பேசிக்கல.

ஓ.டி. வந்ததும் அவளே கேட்டா: "அம்மா, உங்க குழு கூட்டத்துக்கு நான் வரலாமா?"

மார்ச் கூட்டத்துல திரும்ப அந்தப் பேச்சு வந்துச்சு. இப்ப ஏழு பேர் பார்த்துட்டு வந்தவங்க, மத்தவங்க பார்க்காதவங்க. பார்த்தவங்களே நாலு பேர் கொடுக்கலாம், மூணு பேர் வேண்டாம். பார்த்தா மனசு மாறிடும்னு சொல்றது எல்லாம் சும்மா.

நான் அன்னைக்கு ஒரு கதை சொன்னேன். அந்தக் கேமராப் பொண்ணுகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. நம்ம பூந்தமல்லி நெடுஞ்சாலை இருக்கே, அதே ரோட்டுல பெரியமேடு கிட்ட அரசு கவின்கலைக் கல்லூரி இருக்குது. 1850-ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பிச்சது. மெரினாவுல உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீங்க, பாறையைப் புரட்டற நாலு பேரு. அதைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி அந்தக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர். அவருக்கு அடுத்து வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவர்கிட்ட படிச்ச பசங்க நல்லா வரைவாங்க, ஆனா படிப்பு முடிஞ்சதும் வேற வேலைக்குப் போயிடுவாங்க. ஏன்னா ஓவியத்தை வாங்க ஆள் இல்ல. பணிக்கர் என்ன பண்ணார்? பசங்களையெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் வச்சார். துணியில மெழுகு வச்சுச் சாயம் ஏத்தற பாத்திக் வேலை, இந்த மாதிரி கைவேலை செஞ்சு வித்தாங்க. வந்த காசுல ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கினாங்க. மகாபலிபுரம் போற வழியில அப்ப வெறும் மணல்காடு. அதுல குடிசை போட்டு உக்காந்து வரைஞ்சாங்க. அதுதான் 1966-ல ஆரம்பிச்ச சோழமண்டலம் ஓவியர் கிராமம். இன்னைக்கும் இருக்குது. கைவேலை வயித்துக்கு, ஓவியம் மனசுக்கு.

இதைச் சொன்னதும், முதல் கூட்டத்துல எதிர்த்துப் பேசின அக்கா கேட்டாங்க: "அப்ப அவங்களும் குழு போட்டுத்தான் பண்ணியிருக்காங்களா?"

"ஆமாக்கா."

"தவணை ஒழுங்கா கட்டினாங்களா?"

எல்லாரும் சிரிச்சிட்டோம். ஆனா அந்த அக்கா சிரிக்கல. "நான் நிஜமாத்தான் கேக்கறேன். உம்பொண்ணு கட்டலன்னா நீ கட்டுவியா?"ன்னாங்க. கட்டுவேன்னு சொன்னேன். நான் ரெண்டு வீட்டுல சமையலுக்குப் போறேன், அதுல இருந்து கட்டுவேன்னு சொன்னேன். அவங்கதான் முதல் கையெழுத்துப் போட்டாங்க. ஏப்ரல் கூட்டத்துல பணம் கைக்கு வந்துச்சு. தீர்மானப் புத்தகத்துல காரணம்னு இருக்கிற இடத்துல ஊக்குநர் அக்கா 'கல்வி'ன்னு எழுதினாங்க. அப்புறம் அதை அடிக்காம பக்கத்துலயே 'கேமரா'ன்னும் எழுதினாங்க. நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, பன்னெண்டு தவணை. முதல் மாசம் 2,240 கட்டினேன்.

கேமரா புதுசு இல்ல, கை மாறி வந்தது. லென்ஸோட சேர்த்துத்தான் அந்த விலை. அந்தப் பொண்ணே கூட வந்து பார்த்து வாங்கிக் கொடுத்துச்சு.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு பண்ணினதைத்தான் நான் இங்க முக்கியமாச் சொல்ல வந்தேன். காசு ஒரு பைசா வாங்கல. வாரம் பத்துப் படம் வாட்ஸாப்புல அனுப்பச் சொல்லும். இவ அனுப்புவா. ராத்திரி போன் வரும். பத்துல எட்டு வேண்டாம்னு வந்துடும். ஏன் வேண்டாம்னு காரணம் வரும். "ஏன் எல்லாரையும் சிரிக்கச் சொன்ன?" "இந்த அம்மா பின்னாடி டியூப்லைட் தலையில முளைச்ச மாதிரி இருக்குது பார்." "நேத்து எடுத்த இடத்துக்கே திரும்பப் போ. இன்னைக்கு வேற வெளிச்சம்." மாசத்துக்கு ஒரு ஞாயிறு கிரீம்ஸ் ரோட்டுல லலித் கலா அகாடமிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, அங்க என்ன கண்காட்சி இருக்கோ அதைப் பார்க்க வைக்கும். அங்க ஓவியம், சிற்பம், மண்பாண்டம்னு கலைஞர்கள் உக்காந்து வேலை செய்ய இடமும் இருக்குது. பார்த்துட்டு வந்து எது புடிச்சுது, எது புடிக்கலன்னு எழுதணும். புடிக்கலன்னு எழுதத்தான் என் பொண்ணுக்கு ரொம்ப நாள் ஆச்சு.

ஒரு நாள் அழுதா. "நான் எவ்வளவு எடுத்தாலும் தப்புன்னே சொல்றாங்கம்மா"ன்னா. எனக்கு நம்ம குழு ஆரம்பிச்ச புதுசுல கணக்கு நோட்டு எழுதினது ஞாபகம் வந்துச்சு. நான் எழுதின முதல் மூணு மாசக் கணக்கை ஊக்குநர் அக்கா சிவப்பு மையில வட்டம் போட்டுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. அப்ப நானும் அழுதேன். ஆனா அவங்க நோட்டைப் புடுங்கி அவங்களே எழுதிடல. திரும்ப என்னைத்தான் எழுத வச்சாங்க. இன்னைக்கு பேங்க்ல வந்து கேட்டாலும் நான் கணக்கு காட்டுவேன். இதை அவகிட்ட சொன்னேன். சும்மா பாராட்டறவங்க நமக்கு வேலை மிச்சம்னு போயிடுவாங்க. கூட உக்காந்து தப்பைக் காட்டறவங்க அவங்க நேரத்தை நமக்குக் கொடுக்கிறாங்க.

அவ எடுக்க ஆரம்பிச்சது எங்க குழுவைத்தான். மாசா மாசம் கூட்டம். முதல்ல கேமராவைப் பார்த்ததும் எல்லாரும் முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு ரேஷன் கார்டு போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி உக்காந்தாங்க. மூணாவது மாசம் அவ இருக்கிறதே மறந்து போச்சு. அப்பதான் படம் வந்துச்சு. கட்டு நோட்டை எச்சில் தொட்டு எண்ற கை. பாஸ் புத்தகத்தை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவர்ல போட்டு, அதை ரவிக்கைக்குள்ள வைக்கிற பெரியம்மா. கையெழுத்துப் போட மட்டும் கண்ணாடி மாட்டற அக்கா. கூட்டம் முடிஞ்சதும் வாசல்ல கிடக்கிற பன்னெண்டு ஜோடி செருப்பு.

இப்ப ஒரு சண்டையைச் சொல்லணும். அந்த அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். பேரைச் சொல்லக் கூடாதுன்னாங்க.

ஜூலை கூட்டத்துல அந்த அக்கா தவணைக்கு அவகாசம் கேட்டாங்க. வீட்டுல என்ன கஷ்டம்னு சொல்லும்போது அழுதுட்டாங்க. முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க, பக்கத்துல இருந்தவங்க அவங்க முதுகுல கையை வச்சாங்க. என் பொண்ணு அந்த நேரத்துல எடுத்துட்டா. பொய் சொல்லக் கூடாது, அந்தப் படம் அவ எடுத்ததுலயே சிறந்த படம். நான் பார்த்துட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசல.

அந்த அக்காகிட்ட காட்டினோம். அவங்க முகம் மாறிப் போச்சு. "இது வெளியில வரக் கூடாது. நான் உங்ககிட்டதான் அழுதேன், ஊருக்கு முன்னாடி அழல"ன்னாங்க.

என் பொண்ணு விடல. முகம் பாதி மறைஞ்சுதானே இருக்கு, யாருன்னு தெரியாதுன்னா. இதை எடுத்துட்டா மத்த படமெல்லாம் வெறும் படம்னா. ரெண்டு வாரம் வீட்டுல ஒரே ரகளை. எனக்கும் ரெண்டு மனசு. அது நல்ல படம்னு தெரியும், அவ கஷ்டப்பட்டதும் தெரியும். ஆனா நம்ம குழுவுல ஒருத்தர் சொன்ன கஷ்டத்தை நாம வெளியில சொல்ல மாட்டோம். அது எங்கயும் எழுதல, ஆனா அந்த நம்பிக்கையிலதான் பன்னெண்டு பேரும் வந்து உக்கார்றாங்க. அது போச்சுன்னா சேமிப்பும் போச்சு, குழுவும் போச்சு. "அந்தப் படம் இருந்தா நான் கேமராவை வித்துடுவேன்"னு சொல்லிட்டேன். கோவத்துல சொன்னதுதான், ஆனா வித்திருப்பேன்.

கடைசியில அவ அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டா. அது எங்க பக்கமும் பேசல, இவ பக்கமும் பேசல. "அந்தப் படம் உன்னோடதா, அவங்களோடதா?"ன்னு மட்டும் கேட்டுச்சாம். "ஒரே ஒரு பிரிண்ட் போட்டு அவங்ககிட்ட கொடு. அப்புறம் கார்டுல இருந்து அழிச்சிடு"ன்னு சொல்லுச்சாம். என் பொண்ணு தனியா போயி அந்த அக்கா கையில கொடுத்துட்டு, அவங்க கண் முன்னாடியே அழிச்சிட்டு வந்தா. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

அந்த அக்கா அதைக் கிழிச்சுப் போட்டுடுவாங்கன்னு நினைச்சேன். பீரோவுல புடவைக்கு அடியில வச்சிருக்காங்களாம். இப்பவும் அவ கேமராவை எடுத்தா அவங்க மட்டும் திரும்பி உக்காந்துக்குவாங்க. அதையும் இவ எடுக்கிறதில்ல.

அறுநூறு படத்துக்கு மேல எடுத்திருந்தா. அதுல பதினாலு படம்தான் இன்னைக்கு வச்சிருக்குது. எது வைக்கிறது, எது வேண்டாம்னு முடிவு பண்ண மூணு ஞாயிறு ஆச்சு. எங்க வீட்டுத் தரை முழுக்கச் சின்னச் சின்னதா பிரிண்ட் போட்டுப் பரப்பி வச்சு, அந்தப் பொண்ணும் இவளும் மாத்தி மாத்தி வச்சாங்க. அவங்க அப்பா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டு வாசப்படியில உக்காந்து சாப்பிட்டார். ஒரு படத்தைப் பார்த்துட்டு, "இது நம்ம வீட்டுக் கதவாச்சே"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். ஆனா மறுநாள் லேத்துல இருந்து வரும்போது அளவு டேப் கொண்டு வந்தார், படத்தை நேரா ஒட்டறதுக்கு.

படத்துக்குக் கீழ பேரு போட்டிருக்குது. ஹோமாய் வியாரவாலான்னு ஒரு அம்மா, நம்ம நாட்டுல பத்திரிகைக்குப் படம் எடுத்த முதல் பெண். சுதந்திரம் வந்த நாள்ல இருந்து எவ்வளவோ பெரிய விஷயங்களைப் படம் எடுத்தவங்க. அவங்களோட ஆரம்பகாலப் படங்க அவங்க வீட்டுக்காரர் பேர்லதான் அச்சாச்சு. 2011-ல பத்ம விபூஷண் கொடுத்தப்ப அவங்களுக்குத் தொண்ணூறு வயசு தாண்டிடுச்சு. முதல் தடவையா பேங்க்ல நம்ம பேர்ல பாஸ் புத்தகம் வந்தப்ப நாம எத்தனை தடவை திறந்து திறந்து பார்த்தோம்? அந்த மாதிரி என் பொண்ணு நேத்து ராத்திரி அந்தப் பேரு ஒட்டின சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்தா.

ஒரு விஷயம். படங்களை ஆம்பளைங்க உயரத்துக்கு வைக்கல. எங்க குழுவுல பன்னெண்டு பேரையும் சுவத்து ஓரமா நிக்க வச்சு, கண்ணு எங்க வருதுன்னு பென்சில்ல கோடு போட்டு, அந்த அளவுக்கு ஒட்டியிருக்குது. அதனால உயரமானவங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.

பக்கத்துல ஒரு நோட்டு வச்சிருக்கா. நல்லா இருக்குதுன்னு மட்டும் எழுதாதீங்கன்னு சொல்லச் சொன்னா. எது புடிக்கலன்னும் எழுதணுமாம். எழுத வராதவங்க என் சின்னப் பொண்ணுகிட்ட சொன்னா அவ எழுதுவா.

இதுவரைக்கும் ஏழு தவணை கட்டியாச்சு, இன்னும் அஞ்சு இருக்குது. அவ எந்தப் பெரிய கண்காட்சியிலயும் இன்னும் படம் வைக்கல. ரெண்டு இடத்துக்கு அனுப்பினா, ரெண்டும் வரல. மூணாவதா ஒரு இடத்துக்கு அனுப்பியிருக்கா. படிப்பு முடிஞ்சதும் கணக்கு வேலைக்குப் போவேன், சனி ஞாயிறு படம் எடுப்பேன்னு சொல்றா. அவங்க அப்பாவுக்கு அது பரவாயில்லன்னு தோணுது. எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்குது.

படங்க மண்டபத்துப் பின் சுவத்துல, சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்துல இருக்குது. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இருக்கும். அதுல யாராவது தன் முகத்தைப் பார்த்து, இது வேண்டாம்னு நினைச்சா, சாப்பாட்டுக்கு முன்னாடியே என்கிட்ட வந்து சொல்லிடுங்க, காரணம் சொல்ல வேண்டாம், எடுத்துடறோம். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க, டேப்புலதான் நிக்குது. பிள்ளைங்க கையை வைக்காம மட்டும் பார்த்துக்கோங்க.